நல்ல பெயர் வாங்கிய பெரிய மடக்குக் கத்தியின் தயாரிப்பை ஏன் நிறுத்திவிடுகிறார்கள்?

பினாங்கு லிட்டில் இந்தியா பக்கம் ஹார்ட்வேர் கடையில் இருப்பதால் இந்தக் கேள்வி எனக்குப் பழக்கம். "எல்லாருக்கும் பிடிச்ச கத்தியாச்சே, அண்ணே?" பிடிப்பது வேறு, வாங்குவது வேறு. பெரியதைத் திறந்து மூடி ரசிப்பார்கள். காசு கொடுப்பது பாக்கெட்டில் அடங்கும் சின்னதற்குத்தான். பெரியதைக் காரணமில்லாமல் பொது இடத்துக்குக் கொண்டுபோனால் மலேசியாவின் 1958-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் மாட்டலாம் என்ற பயம் வேறு.

தயாரிப்பாளருக்கும் கணக்கு இருக்கிறது. அலகு நீண்டால் ஒரே எஃகுத் தகட்டில் குறைவான கத்திகளே தேறும். மெதுவாக விற்கும் ஒன்றுக்காக இயந்திரத்தை ஏன் மாட்டிவைக்க வேண்டும்?

சில சமயம் நிறுத்தம் என்பது வாரிசுக்கு வழிவிடுவதுதான். அமெரிக்காவின் ஸ்பைடர்கோ நிறுவனம் 1996-இல் கொண்டுவந்த 'மிலிட்டரி' 4 அங்குல அலகு கொண்டது. அதில் லைனர் லாக், அதாவது கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய உலோகத் தகடு அலகைத் திறந்தபடி பிடித்துக்கொள்ளும் பூட்டு. மூடும்போது கட்டைவிரல் அலகின் பாதையில் நிற்கும். 2022-இல் வந்த 'மிலிட்டரி 2'-இல் பூட்டைக் கைப்பிடியின் முதுகுப் பக்கம் மாற்றினார்கள், விரல் தப்பியது. எனக்கென்னவோ அது நல்ல மாற்றம். பழையதையே தேடுகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள், சரி, வரட்டும்.