உப்புக்காற்று ஊரில் பிளேடு துருப்பிடிக்காமல் இருக்க: கேள்வி பதில்

கடலூர் சிப்காட்டில் ஒரு ஆலையில் பைப்பையும் வால்வையும் துருவிடமிருந்து காப்பாற்றுவதுதான் என் பிழைப்பு. வீட்டில் இருபது வருடமாக ஷேவ் செய்வது இரண்டு பக்க பிளேடு ரேசரில். அந்தத் தைரியத்தில்தான் கேளுங்கள் என்றேன், நிறையவே கேட்டுவிட்டீர்கள்.

தேவனாம்பட்டினத்திலிருந்து: அண்ணா, பாக்கெட்டில் ஸ்டெயின்லெஸ் என்று போட்டிருக்கிறது, மூன்றாவது ஷேவிலேயே பழுப்புப் புள்ளி. போலி சரக்கா?

இருக்கலாம். ஆனால் முதலில் உங்கள் வீட்டுப் போர் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள் தம்பி. இந்த பிளேடுகளில் சுமார் 13 சதவீதம் குரோமியம் இருக்கும், அது காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆக்சைடு படலம் போட்டுக்கொள்ளும், அதுதான் காவல். உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தில் ஊசியால் குத்தினதுபோல் ஓட்டை போட்டுவிடும். சாப்பிடுகிற தட்டில் குரோமியம் இதைவிட அதிகம்தான், ஆனால் அந்த எஃகில் கூர் நிற்காது. கூருக்காகக் கார்பனைக் கூட்டிக் கடினமாக்கியதில், துருவைத் தாங்கும் சக்தி கொஞ்சம் குறைந்துவிடுகிறது. அதனால் கடைசியாக ஒரே ஒரு டம்ளர் கேன் தண்ணீரில் அலசுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்தது.

வைத்திக்குப்பத்திலிருந்து: தினமும் பிளேடைக் கழற்றித் துண்டால் துடைத்துத்தான் வைக்கிறேன் சார், அப்படியும் துரு.

ஐயோ, துண்டு வேண்டாம். முனையில் வழுக்குவதற்காக மெல்லிய பூச்சு இருக்கிறது, துணி பட்டால் அதுவும் போகும், கூரும் போகும், விரலும் போகும். துரு எங்கே வருகிறது என்று பாருங்கள்: பெரும்பாலும் நடு ஓட்டையைச் சுற்றி, ரேசரின் மேல்மூடி பிளேடை அழுத்துகிற இடத்தில். தலைமுடி கனத்துக்குத்தான் அங்கே இடைவெளி, உள்ளே போன தண்ணீர் வெளியே வராது, காற்றும் போகாது, படலம் தன்னைச் சரிசெய்துகொள்ளவும் வழியில்லை. எங்கள் ஆலையில் ஃபிளாஞ்சுக்கு, அதாவது இரண்டு பைப்பைப் போல்ட் போட்டு இணைக்கிற வளையங்களுக்கு, இடையே அரிப்பதும் இதே கதைதான். கைப்பிடியை அரைச் சுற்று தளர்த்தி, தண்ணீரில் ஆட்டி, நாலு உதறு உதறி, தளர்ந்தபடியே நிற்க வையுங்கள். தினமும் கழற்ற வேண்டியதில்லை. அடுத்த ஷேவுக்கு முன் மறக்காமல் இறுக்குங்கள், நான் ஒருமுறை மறந்து தாடையில் வாங்கினேன்.

மஞ்சக்குப்பத்திலிருந்து: தேங்காய் எண்ணெயா, ஸ்பிரிட்டா?

என் ஓட்டு ஸ்பிரிட்டுக்கு. மெடிக்கலில் கிடைக்கிற சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைச் சின்ன மூடியில் ஊற்றி ரேசர் தலையை முக்கி எடுத்தால், இடுக்கில் நிற்கும் தண்ணீரோடு கலந்து சீக்கிரம் ஆவியாகிவிடும். உப்பை மட்டும் அது கரைக்காது, ஆகவே நல்ல தண்ணீர் அலசல் அதற்கு முன்பே ஆகியிருக்க வேண்டும். பக்கத்தில் நெருப்பு கூடாது. எண்ணெயும் வேலை செய்யும், அப்பா காலத்துக் கார்பன் பிளேடுக்கு அதுதான் மருந்து, ஆனால் ஈரத்தின் மேல் தடவினால் தண்ணீரை உள்ளே வைத்துப் பூட்டினதாகும்.

முத்தியால்பேட்டையிலிருந்து: படிகாரம் போடுவேன், அதனால் ஏதாவது?

படிகாரத் தண்ணீர் கொஞ்சம் அமிலம். ரேசரை அலசி வைத்த பிறகு முகத்துக்குப் போடுங்கள். கல்லையும் ரேசரையும் ஒரே கிண்ணத்தில் வைக்காதீர்கள்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து: துரு பிளேடு வெட்டினால் டெட்டனஸ் வருமா?

துருவால் வராது, மண்ணிலும் சாணத்திலும் இருக்கிற கிருமியால் வருவது அது. அதற்காகத் துரு பிளேடில் ஷேவ் பண்ணலாம் என்று இல்லை, சொரசொரத்த முனை தோலைக் கிழிக்கும். தூக்கிப் போடுங்கள், ஊசி போட்டு வருடக்கணக்கானால் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

லாஸ்பேட்டையிலிருந்து: துருவே இல்லாமல் வைத்திருந்தால் ஒரு பிளேடு ஒரு மாதம் வருமா?

தினமும் ஷேவ் செய்தால் வராது. 2020-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பிளேடை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். எஃகைவிடச் சுமார் ஐம்பது மடங்கு மென்மையான முடி, வளைந்துகொண்டே வெட்டுப்படும்போது முனையில் சின்னச் சின்னச் சில்லுகளைப் பெயர்த்துவிடுகிறதாம். அதற்கு எண்ணெயும் கிடையாது, ஸ்பிரிட்டும் கிடையாது. எனக்கு ஐந்து ஷேவ், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் நாலு. ஒரு டீ விலைகூட இல்லாத பிளேடுக்காக முகத்தை ஏன் பிடுங்கிக்கொள்ள வேண்டும், மாற்றிவிடுங்கள்.