வீட்டை விற்பதற்கு முன் ஒரு குளிர்காலம்

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். நீங்களும் கணவரும் கடலூரில் அரசுப் பள்ளி ஆசிரியர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். ஒரே மகள் பாரீசின் வடக்குப் புறநகரில் வேலை பார்க்கிறாள். பிரெஞ்சுக் குடியுரிமையும் பெற்றுவிட்டாள். பேரன் பிறந்து எட்டு மாதம் ஆகிறது. மஞ்சக்குப்பத்து வீட்டை விற்றுவிட்டு மகளோடு நிரந்தரமாகப் போய்விடலாமா, ஓய்வூதியம் போதுமா, கணவரின் சர்க்கரை நோய்க்கு வைத்தியம் எப்படிக் கிடைக்கும், இந்த வயதில் அந்த ஊர் ஒட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பிறந்தவள். புகுந்தது சொல்தா வீடு, அதாவது பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த குடும்பம். 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது என் மாமனார் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டார். அந்த வழியில்தான் 1981-இல் கணவரோடு பாரீஸ் போனேன். ஒரு மருத்துவமனையில் நோயாளிகளைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, உணவூட்டும் உதவியாளராக 29 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். ஆண்டுதோறும் டிசம்பர் கடைசியில் இங்கே வந்து பிப்ரவரி முடியும்வரை தங்கை வீட்டில் இருப்பேன். இந்தப் பதிலையும் அவள் வீட்டு மாடியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

போங்கள். ஆனால் வீட்டை இப்போது விற்காதீர்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை ஒரு முழுக் குளிர்காலத்தை அங்கே கழித்துப் பார்த்துவிட்டு அந்தப் பேச்சை எடுங்கள். ஊரார் உங்களுக்குச் சொல்லப்போவது மே மாதத்துப் பாரீசை. நீங்கள் வாழப்போவது டிசம்பரிலும்தான்.

விசாவில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். நீங்கள் எங்களைப் போலக் குடியுரிமையோடு போகவில்லை. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பிள்ளையைச் சார்ந்து வாழும் பெற்றோருக்குப் பத்து ஆண்டு வசிப்பு அட்டை உண்டு. அதற்கு இங்கிருந்தே நீண்டகால விசா வாங்கிப் போக வேண்டும். இதில் 'சார்ந்து வாழும்' என்ற சொல்தான் எல்லாமே. சொந்த ஊரில் பிழைக்கப் போதிய வருமானம் உங்களுக்கு இல்லை, மகள் தொடர்ந்து அனுப்பும் பணத்தில்தான் வாழ்கிறீர்கள் என்று காகிதத்தில் காட்ட வேண்டும். இருவரின் ஓய்வூதியமும் சேர்த்து மாதம் 90,000 ரூபாய் வருகிறது என்கிறீர்கள். கடலூரில் கௌரவமாக வாழப் போதுமான தொகை அது. அதிகாரியும் அதையே சொல்வார்.

இன்னொரு வழி, சொந்தப் பணத்தில் வாழும் வருகையாளர் விசா. வேலை செய்ய மாட்டேன் என்று எழுதிக்கொடுத்து, மருத்துவக் காப்பீடும் வருமானமும் காட்ட வேண்டும். அந்நாட்டுக் குறைந்தபட்சக் கூலியை அளவுகோலாகக் கொள்கிறார்கள். அது கையில் கிடைக்கும் கணக்கில் மாதம் 1,400 யூரோவுக்குச் சற்று மேல். யூரோ நூறு ரூபாயைத் தாண்டிவிட்ட இந்நாளில் உங்கள் 90,000 ரூபாய் 900 யூரோவைத் தொடாது. ஆக, ஒரு விசாவுக்கு உங்கள் ஓய்வூதியம் அதிகம், மற்றொன்றுக்குக் குறைவு. ஆசிரியர், வங்கி ஊழியர், நெய்வேலியில் வேலை பார்த்தவர் என்று நம் பக்கத்து நடுத்தரக் குடும்பங்கள் பலவும் இந்த இடைவெளியில்தான் மாட்டிக்கொள்கின்றன. மனம் தளர வேண்டாம். வங்கிச் சேமிப்பும், வைப்புத்தொகை வட்டியும், வீட்டை வாடகைக்கு விட்டால் வரும் பணமும் உங்கள் பக்கம் நிற்கும். வீட்டை விற்க வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான் சொன்ன அந்த ஒரு குளிர்காலத்துக்குச் சாதாரண விசா போதாது. அது 180 நாளில் 90 நாள் மட்டுமே தரும். மூன்று மாதத்துக்கு மேல் ஓராண்டுவரை தங்குவதற்கென்றே தற்காலிக நீண்ட விசா ஒன்று இருக்கிறது. அங்கே போய்ப் புதுப்பிக்க முடியாது, வசிப்பு அட்டையும் கேட்க முடியாது. பார்த்துவிட்டுத் திரும்புவதற்கு மிகவும் பொருத்தமானது. முதல் தடவை இதைக் கேளுங்கள்.

65 வயதானால் அந்த அரசே மாதாமாதம் பணம் கொடுக்கும் என்று புதுச்சேரியில் பேசிக்கொள்கிறார்கள். உங்கள் காதிலும் விழுந்திருக்கும். அது வருமானம் குறைந்த முதியோருக்கான உதவித்தொகை. ஐரோப்பியர் அல்லாதவர், வேலை செய்ய அனுமதிக்கும் வசிப்பு அட்டையோடு பத்து ஆண்டு அங்கே வாழ்ந்திருந்தால்தான் பொதுவாகக் கேட்க முடியும். வாங்குகிறவர் ஆண்டில் ஒன்பது மாதமாவது அங்கேயே இருக்கவும் வேண்டும். 2023-இல் ஆறு மாதத்திலிருந்து ஒன்பதாக உயர்த்திவிட்டார்கள். அதை மனத்தில் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். என் ஓய்வூதியம் வேறு வகை. உழைத்துச் சேர்த்தது என்பதால் முத்தியால்பேட்டையில் இருந்தாலும் வரும்.

காகிதங்களை இன்றே எடுத்துப் பாருங்கள். நம் முதலெழுத்துப் பெயர்கள் அங்கே பெரும் குழப்பம் தருகின்றன. ஓய்வூதியப் புத்தகத்தில் முதலெழுத்தும் பெயரும், பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரிந்து ஒரு விதம், மகளின் பிறப்புச் சான்றிதழில் வேறொரு விதம் என்று இருந்தால், மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். திருமணத்தைப் பதிவு செய்திருக்கிறீர்களா? தமிழ்நாட்டில் அது கட்டாயமானது 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். உங்கள் தலைமுறையில் பலரிடம் கல்யாணப் பத்திரிகையைத் தவிர வேறு சான்று இருக்காது. பதிவு செய்து, அதையும் பிறப்புச் சான்றிதழையும் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் பிரெஞ்சில் ஆக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வைத்தியத்தைப் பற்றி நான் உரிமையோடு பேசலாம். நிரந்தரமாகத் தங்கும் விசாவில் போய், மூன்று மாதம் தொடர்ந்து வசித்த பிறகு அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். கிடைத்ததும் பச்சை நிறத்தில் கார்த் வித்தால் என்ற அட்டை வரும். அதன்பின் குடும்ப மருத்துவர் ஒருவரைப் பிடித்து, இவர்தான் என் மருத்துவர் என்று பதிவு செய்ய வேண்டும். பதிந்திருந்தால் கட்டணத்தில் 70 விழுக்காடு திரும்பி வரும். பதியாவிட்டால் 30 விழுக்காடுதான். மருத்துவர் கட்டணம் இப்போது 30 யூரோ. 21 யூரோவில் 2 யூரோ பிடித்துக்கொண்டு 19 யூரோ வங்கிக்கு வரும். மிச்சத்துக்கு மியுத்துயேல் என்ற துணைக் காப்பீடு எடுப்பார்கள். வயது ஏற ஏற அதன் சந்தாவும் ஏறும். சர்க்கரை நோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால், மருத்துவர் எழுதி அரசுக் காப்பீடு ஒப்புக்கொண்டால் அந்த நோய்க்கான சிகிச்சைக்கு அரசு நிர்ணயித்த கட்டணத்தை ஏறக்குறைய முழுவதும் அதுவே ஏற்கும். இதைப் போல ஒரு ஏற்பாட்டை நான் மனமாரப் போற்றுகிறேன். கூலித் தொழிலாளியும் மேலதிகாரியும் ஒரே அறையில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருந்ததை 29 ஆண்டுகள் என் கண்ணால் பார்த்தேன்.

சிக்கல் முதல் மாதங்களில்தான். விசாவுக்காக வாங்கும் தனியார் காப்பீடு, ஏற்கெனவே இருக்கும் நோயை ஏற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மூன்று மாதத்துக்கான மருந்தை, மூலப்பெயரோடு எழுதிய சீட்டுடன் கொண்டுபோங்கள். கடலூரில் கடைக்காரரிடம் பழைய அட்டையைக் காட்டி வாங்குவதுபோல் அங்கே மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை வாங்க முடியாது. புதிய நோயாளியை ஏற்கும் மருத்துவர் கிடைப்பதும் புறநகரில் எளிதன்று. போவதற்கு முன்பே மகளைத் தேடச் சொல்லுங்கள்.

இனி மொழி. இதற்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

நான் வேலை பார்த்த வார்டில் ஒரு முதியவர் சேர்ந்தார். பாகூர்ப் பக்கத்துக்காரர், பிள்ளையோடு வாழ வந்து ஆறு ஆண்டு ஆகியிருந்தது. வலிக்கிறதா என்று கேட்டால் 'உய்' என்பார். வலி குறைந்ததா என்றாலும் 'உய்'. சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே 'ஆம்'. வலி இல்லை என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். மாலை முறைக்கு நான் வந்து, 'ஐயா, எங்கே வலிக்கிறது?' என்று தமிழில் கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். காலையிலிருந்து அடிவயிறு பிளந்துகொண்டிருந்திருக்கிறது. பிள்ளை வேலை முடித்து வந்தால் சொல்லலாம் என்று காத்திருந்திருக்கிறார். ஆறு ஆண்டில் அவருக்காக எல்லாவற்றையும் பிள்ளையே பேசியிருந்தான், பாசத்தால்தான். அந்தப் பாசம் அவரை ஊமையாக்கிவிட்டிருந்தது.

தங்கையே, விசாவுக்காக எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாலும், மகளைச் சார்ந்தவர்களாக அங்கே வாழாதீர்கள். 65 வயது கடந்தவர்களிடம் வசிப்பு அட்டைக்கு மொழித் தேர்வு கேட்பதில்லை என்பது உண்மை. அது சலுகையே தவிர உதவி அல்ல. நீங்கள் இருவரும் ஆசிரியர்கள், பாடம் படிக்கத் தெரிந்தவர்கள். இப்போதே புதுச்சேரிக்கு வந்து வாரம் இரண்டு வகுப்புக்குப் போங்கள். இலக்கணம் பிறகு வரட்டும். எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, எனக்குச் சர்க்கரை இருக்கிறது, கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள், வேண்டாம். இந்த ஐந்தையும் தூக்கத்திலும் சொல்லும் அளவுக்குப் பழகுங்கள். அவசர மருத்துவ உதவிக்கு எண் 15. அதில் பேசுகிறவர் முதலில் முகவரி கேட்பார். தெருப் பெயரையும் கதவு எண்ணையும் பிரெஞ்சில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

சாவியும் அப்படித்தான். போன முதல் வாரத்திலேயே உங்களுக்கென்று ஒரு வீட்டுச் சாவி கேட்டு வாங்குங்கள். தினமும் ரொட்டி வாங்கி வருவது உங்கள் கணவரின் வேலையாக இருக்கட்டும். ரொட்டிக்கடையில் நுழைந்ததும் 'பொன்ழூர்' என்று வணக்கம் சொல்லாமல் எதையும் கேட்கக் கூடாது. அதைச் சொன்னால் பத்தாம் நாள் கடைக்காரி முகம் பார்த்துச் சிரிப்பாள். 62 வயதுக்கு மேல், வேலைக்குப் போகாதவர்களுக்கு பஸ், ரயில் அட்டை பாதிக் கட்டணத்தில் கிடைக்கும். வாங்கிக்கொண்டு ஊர் சுற்றுங்கள். லா சப்பேல் பகுதிக்குப் போனால் முருங்கைக்காயிலிருந்து மோர் மிளகாய்வரை ஈழத் தமிழர் கடைகளில் உண்டு. மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் கோடை முடிவில் அந்தத் தெருக்களில் வரும்போது மலைமலையாகத் தேங்காய் உடைப்பார்கள். முதல் தடவை பார்த்தபோது திருப்பாதிரிப்புலியூர்த் தேர் நினைவு வந்து எனக்குத் தொண்டை அடைத்தது.

பேரனைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். என் கட்டடத்தில் அரியாங்குப்பத்துத் தம்பதியர் இருந்தார்கள். வீட்டை விற்று, பணத்தைப் பிள்ளையின் வீட்டுக் கடனுக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்கள். காலை ஏழு மணிக்குப் பிள்ளையும் மருமகளும் போனால் மாலை ஏழுக்குத்தான் வருவார்கள். இடையில் குழந்தையும் நான்கு சுவரும்தான். டிசம்பரில் எட்டரைக்குப் பிறகே விடியும், ஐந்துக்குள் இருட்டிவிடும். கடலூரில் வாசலில் நின்றாலே நாலு பேர் நலம் விசாரிப்பார்கள். அங்கே கதவைத் திறந்தால் இன்னொரு மூடிய கதவு. குழந்தை பள்ளிக்குப் போனதும் அந்த வீட்டில் அவர்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. சின்னச் சின்ன மனத்தாங்கல் வந்தபோது, ஊருக்குப் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வருகிறோம் என்று சொல்ல அவர்களுக்கு ஊரில் ஒரு திண்ணைகூட மிச்சமில்லை. பிள்ளை கெட்டவன் அல்லன். மருமகளும் நல்லவளே. திரும்பிப் போக இடம் இருக்கிறவருக்குத்தான் இருக்கிற இடத்தில் நிம்மதி வருகிறது.

வரி விஷயம் சுருக்கமாக. அங்கே குடியிருப்பவரானால் இந்தியாவில் வரும் வட்டி, வாடகை, ஓய்வூதியம் எல்லாவற்றையும் ஆண்டு அறிக்கையில் சொல்ல வேண்டும். இந்தியாவின் ஒவ்வொரு வங்கிக் கணக்கையும் தனித்தாளில் குறிப்பிட வேண்டும். மறைத்தால் கணக்குக்கு 1,500 யூரோ அபராதம். இங்குள்ள வங்கியிலும் கணக்கை வெளிநாடு வாழ்வோருக்கான வகைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஓய்வூதியத்துக்கான ஆண்டு நேர்காணலையும் வாழ்வுச் சான்றிதழையும் காலண்டரில் குறித்து வையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், கேட்கத் தயங்கியிருப்பீர்கள். என் கணவர் அங்கேதான் இறந்தார். இறந்து 24 மணி நேரம் ஆகாமல் தகனம் செய்ய முடியாது. 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி அஸ்தியை வீட்டில் வைத்திருக்கவும் கூடாது. வெளிநாட்டுக்குக் கொண்டுபோக அரசு அனுமதி உண்டு. வாங்கினேன். கலசத்தோடு வந்து இந்தக் கடலில்தான் கரைத்தேன். அவர் கேட்டது அதைத்தான். கேட்டு வைத்திருந்ததால் அன்று எனக்குக் குழப்பம் இல்லை. நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசி, மகளுக்கு எழுதிக்கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

நான் அந்த நாட்டில் மகிழ்ச்சியாக இருக்கிறேன். என் மருத்துவர், என் சந்தை, நூலகத்தில் என் நாற்காலி, ஞாயிறுதோறும் பேசும் போர்த்துகீசியத் தோழி எல்லாம் அங்கே இருக்கின்றன. நீங்களும் அப்படி வாழ முடியும்.

பிப்ரவரி கடைசிவரை இங்கே இருப்பேன். கடலூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். மகளின் குடியுரிமைச் சான்று, உங்கள் பாஸ்போர்ட்டுகள், ஓய்வூதியப் புத்தகங்கள், கல்யாணப் பத்திரிகை இவற்றோடு ஒரு நாள் காலையில் இருவரும் வாருங்கள். பெயர்கள் எங்கெங்கே மாறி நிற்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம். என் கணவரின் கம்பளிக் கோட்டு ஒன்று இங்கே பெட்டியில் இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரருக்கு அளவு சரியாக இருந்தால் எடுத்துக்கொள்ளட்டும்.