சுசுகி ஹயபுசா பைக்கின் எஞ்சின் போட்ட டிராக் காரில் ஆயில் எங்கே கசிகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சொட்டு விழும் இடத்தை நம்பாதீர்கள். ஓட்டத்தில் காற்று ஆயிலைப் பின்னுக்குத் தள்ளிவிடும். எஞ்சின் ஆறியபின் பிரேக் கிளீனரால் கழுவி, காயவிட்டு, டால்கம் பவுடர் தூவுங்கள். 10 நிமிடம் ஓடவிட்டு அணைத்து, டார்ச் அடியுங்கள். வெள்ளைப் பூச்சில் ஈரக்கோடு எந்த உயரத்தில் தொடங்குகிறதோ, அதுதான் ஊற்றுக்கண்.

ஸ்பிராக்கெட் (செயினை இழுக்கும் பல்சக்கரம்) மூடியைக் கட்டாயம் கழற்றுங்கள். அவுட்புட் ஷாஃப்ட், கியர் மாற்றும் ஷாஃப்ட், கிளட்ச் புஷ் ராடு மூன்றின் ஆயில் சீலும் அதற்குள்தான்.

நிற்கும்போது காய்ந்திருந்து, டிராக்கில் மட்டும் நனைகிறதா? பிரீதரை, அதாவது எஞ்சினுக்குள் சேரும் அழுத்தத்தை வெளியேற்றும் குழாயைப் பாருங்கள். வளைவில் பைக் சாயும், ஆயில் சம்ப்பின் (எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) அடியிலேயே நிற்கும். கார் சாயாது, ஆயில் பக்கவாட்டில் ஏறி பிரீதர் குழாய் வழியே வெளியேறும். இதற்கு சீல் மாற்றிப் பயனில்லை. தடுப்புத் தகடு வைத்த சம்ப்பும் வெளியேறும் ஆயிலைப் பிடிக்கும் கேட்ச் டேங்கும் வேண்டும். ஆயிலை மட்டும் குறைத்துவிடாதீர்கள், பம்ப் காற்றை இழுத்தால் பேரிங் போய்விடும்.