அடைத்து வைத்த கோழிகள் காலையில் செத்துக் கிடக்கின்றன. எது கடித்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படித் தடுப்பது?

செத்த கோழியை உடனே புதைத்துவிடாதீர்கள். முதலில் புரட்டிப் பாருங்கள். நான் பார்க்காமல் விட்டதால்தான் ஒரே வாரத்தில் இரண்டு முறை கோழிகளை இழந்தேன்.

எங்களுக்குத் திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம். ஒருநாள் கூட்டைத் திறந்தால் 4 நாட்டுக்கோழிகள் செத்துக் கிடந்தன. தெரு நாய்தான் என்று நானே முடிவு செய்து, கதவுக்கு இன்னொரு கொக்கி போட்டேன். நான்காம் நாள் மேலும் 3 போயின. அதில் ஒன்று அடைக்கு உட்கார்ந்திருந்த பெட்டை. அதன் முட்டைகள் சில்லிட்டுக் கிடந்ததைப் பார்த்து மனசு ஆறவே இல்லை.

அப்பத்தாதான் கழுத்து இறகை விலக்கிக் காட்டினார். கடி கழுத்தில் மட்டும் இருந்தது. ஒரு கோழிக்குத் தலையே இல்லை. "நாயா இருந்தா கண்டபடி குதறிப் போட்டிருக்கும். இது மரநாய்டா, மேலே ஏறிப் பாரு" என்றார். மரநாய் என்பது நாய் இல்லை, மரமேறும் புனுகுப்பூனை வகை. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சந்து. ஓட்டின் மேல் பழக்கொட்டைகள் அப்படியே கலந்த எச்சம். மரநாய் பழமும் தின்னும், அதனால் அந்த எச்சம் நல்ல அடையாளம். மாமரக்கிளை ஒன்று ஓட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. வழி அதுதான்.

பகலில் கோழி போனால் கீரியைச் சந்தேகப்படலாம். மேயும்போது குஞ்சு ஒவ்வொன்றாகக் குறைந்தால் வல்லூறு, பருந்து, காகம். முட்டை ஓடுகூட மிஞ்சாமல் காணாமல் போனால் பெரும்பாலும் பாம்பு, அதனால் டார்ச் அடிக்காமல் கூட்டுக்குள் கையை விடாதீர்கள். கூட்டோரம் புது வளை தெரிந்தால் பெருச்சாளி. அதுவும் குஞ்சைத் தூக்கும்.

தடுப்பதில் பலர் ஏமாறுவது வலையில்தான். அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழி வலை, கோழி வெளியே போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். நாய் அதைக் கிழித்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த கெட்டியான வலை, போடுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் ஒரு முறை செலவு. அதை மண்ணுக்குள் ஒரு அடி இறக்குங்கள். தோண்ட முடியாத தரை என்றால் வெளிப்பக்கம் ஒரு அடி அகலத்துக்குப் படுக்கப் போட்டுக் கல் வையுங்கள். கூரையைத் தொடும் கிளைகளை வெட்டிவிடுங்கள். சின்னக் குஞ்சுகளைத் தாயோடு பஞ்சாரம் என்ற பெரிய கூடையால் கவிழ்த்து வைப்பதற்கு ஈடான பகல் பாதுகாப்பை நான் பார்த்ததில்லை. பருந்துக்குப் பழைய மீன்வலையை மேலே கட்டலாம். தரையில் தொங்கவிட்டால் பாம்பு சிக்கித் துடிக்கும், அது வேண்டாம்.

விஷம் மட்டும் வைக்காதீர்கள். கீரியும் மரநாயும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. அப்புறம், அந்த விஷத்தை உங்கள் கோழியோ பக்கத்து வீட்டு நாயோ தின்றுவிடும்.

இன்று இரவே கூட்டுக்குள் டார்ச்சை எரியவிட்டுக் கதவைச் சாத்திவிட்டு, இருட்டில் சுற்றி வந்து பாருங்கள். கூரை ஓரத்திலும் கதவடியிலும் எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறதோ, அந்தச் சந்துகளைத்தான் முதலில் அடைக்க வேண்டும்.