தாத்தாவுக்கு முன்னே யார்?

கேள்வி: தாத்தா பெயர் வரைக்கும் தெரியும். அதற்கு மேலே சொல்ல வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை. இருந்த பூர்விக நிலத்தையும் விற்றாகிவிட்டது. எங்கிருந்து தொடங்குவது?
- வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: விற்ற அந்த நிலத்திலிருந்தே தொடங்குங்கள். பத்திரத்தில் எழுதிக் கொடுப்பவர் பெயர் தகப்பனார் பெயரோடுதான் வரும்.

முதலில் ஊரின் நில விவரங்கள் எண் வாரியாக உள்ள கிராமத்து 'அ' பதிவேட்டைப் பார்த்துப் பழைய புல எண்ணை (சர்வே எண்) குறித்துக்கொள்ளுங்கள். யுடிஆர் (நிலப் பதிவேடு புதுப்பிப்பு) அளவையில் எண்கள் மாறியதால், இன்றைய எண்ணை வைத்து 1940-ஆம் ஆண்டுப் பத்திரத்தைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய எண்ணுக்கு வில்லங்கச் சான்று (அந்த நிலத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியல்) கேளுங்கள். 'வில்லங்கம் இல்லை' என்று வந்தால் சோர்ந்துவிட வேண்டாம். கிராமம் அந்நாளில் வேறு சார்பதிவகத்தின் கீழ் இருந்திருக்கலாம், அங்கும் கேளுங்கள். நிலம் உங்கள் பெயரில் இல்லாவிட்டாலும் சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் 1-ஆம் புத்தகத்திலிருந்து யாரும் நகல் பெறலாம். உயில்கள் 3-ஆம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் இறந்துவிட்டால் அதற்கும் மற்றவர்கள் மனு போடலாம்.

விற்கிரயத்தைவிடப் பாகப்பிரிவினைப் பத்திரம்தான் புதையல். அண்ணன் தம்பி அத்தனை பேரும் அதில் வரிசையாக இருப்பார்கள். மைனர் என்றால் 'கார்டியன் தாயார்' என்று கொள்ளுப்பாட்டியின் பெயரும் கிடைக்கும். மகள்களுக்கும் பூர்விகச் சொத்தில் பங்கு தந்த சட்டம் வந்த 1989-க்கு முந்தையதில் மகள்களைத் தேடாதீர்கள், பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். அவர்களுக்கு விடுதலைப் பத்திரத்தையும் (பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) உயிலையும் பாருங்கள்.

பலர் சறுக்குவது பெயரில். பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பதால் 'சுப்பையா மகன் முத்தையா' இரண்டு தலைமுறைக்கு ஒருமுறை திரும்ப வருவார். பெயர் பொருந்தியதும் நம் ஆள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. புல எண்ணும் நான்கெல்லையும் பொருந்த வேண்டும்.

கேள்வி: பழைய ஓலை ஒன்றில் 'சர்வசித்து வருஷம் தை மாதம்' என்று மட்டும் இருக்கிறது. முத்திரைத்தாள் ஒன்றில் பசலி 1358. ஆங்கில ஆண்டு என்ன?
- வாசகர், தென்காசி

பதில்: பசலி என்பது ஜூலையில் தொடங்கும் வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டு. அதோடு 590 கூட்டுங்கள்: 1948 ஜூலை முதல் 1949 ஜூன் வரை. சர்வசித்து 60 ஆண்டுக்கு ஒருமுறை வரும்; 1887, 1947 சித்திரைகளில் பிறந்தது. தை அடுத்த ஆங்கில ஆண்டில் விழுவதால் 1888 அல்லது 1948 ஜனவரி–பிப்ரவரி. முத்திரைத்தாளாக இருந்தால் விக்டோரியா ராணி தலையா, ஜார்ஜ் மன்னர் தலையா என்று பார்த்தே சொல்லிவிடலாம். ஓலையில் அந்த வசதி இல்லை. சாட்சிகளின் பெயரை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். உங்கள் பக்கத்தில் அந்நாளில் கொல்லம் ஆண்டும் (மலையாள ஆண்டு) எழுதுவார்கள். இருந்தால் 825 கூட்டுங்கள். ஆவணி முதல் டிசம்பர் வரையான தேதிக்கு மட்டும் 824.