படகு கரையில் நின்ற நாட்களிலும் தூக்கம் இல்லை

கேள்வி: எனக்கு வயது 36, ஊர் பாம்பன். கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். அவர் கடலில் இருக்கும் இரவுகளில், லைன் கிடைக்காது என்று தெரிந்தே அவருடைய எண்ணுக்குப் போன் செய்துகொண்டிருப்பேன். மீன்பிடித் தடைக்காலத்தில் அவர் வீட்டில் இருந்தபோதும் தூக்கம் வரவில்லை. மனத்தைக் கவனித்தால் பயம் கூடுகிறது. மாமியார் ஏர்வாடி தர்காவுக்குப் போகச் சொல்கிறார். எனக்கு மனநோயா?

பதில்: கடலுக்குப் போனவரை நினைத்துக் கண்விழிப்பதை நோய் என்று சொல்ல மாட்டேன். உங்கள் கடிதத்தில் முக்கியமானது, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய தடைக்கால வரிதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் நின்றது. பயத்துக்குக் கடல் மட்டுமே காரணமென்றால் அந்த நாட்களில் தூக்கம் திரும்பியிருக்க வேண்டும். கடலைச் சாக்காக வைத்துக்கொண்டு கடனோ, வெளியில் சொல்லாத மனக்கசப்போ உள்ளே ஓடுகிறதா, அல்லது விழித்தே பழகிய உடல் அந்தப் பழக்கத்தை விடவில்லையா என்பதை நீங்கள்தான் பார்த்துச் சொல்ல முடியும்.

மனத்தைக் கவனிப்பதாக எண்ணிக்கொண்டு பலரும் தம்மையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறார்கள். பயம் கூடாமல் என்ன செய்யும்? 'நான் ஏன் இவ்வளவு கோழை' என்பது தீர்ப்பு. 'இரவு 2 மணி, நெஞ்சு படபடத்தது, உள்ளங்கை வேர்த்தது, போன் செய்தேன், ஐந்து நிமிடம் நிம்மதி, மறுபடி செய்தேன்' என்பது குறிப்பு. இதைப் படுக்கையில் எழுதாமல், மறுநாள் பகலில் பத்து நிமிடத்துக்குள் எழுதி முடியுங்கள்; எழுதக் கூச்சமாக இருக்கும் எண்ணத்தையும் விட்டுவிடாதீர்கள். அந்த ஐந்து நிமிட நிம்மதியே அடுத்த முறை போனை எடுக்கத் தூண்டுகிறது என்பது புரிந்தபின், எடுக்கத் தோன்றும்போது கால் மணி நேரம் தள்ளிப்போட்டு, படபடப்பு தானாக ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள்.

மாலைக்கு மேல் குடிக்கும் டீயையும் எழுதுங்கள். உடலில் சேர்ந்த காஃபீனில் பாதி வெளியேறவே ஏறக்குறைய ஐந்து மணி நேரமாகும். தைராய்டு மிகுதியாகச் சுரந்தாலும், இரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும் என்பதால், இரண்டுக்கும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

ஏர்வாடிக்குத் தாராளமாகப் போய் வாருங்கள். துவாவோடு, அதாவது பிரார்த்தனையோடு, மருந்தும் கிடைக்க அங்கேயே அரசு ஏற்பாடு செய்தது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில்லை.

பெரும்பாலான நாட்களில் இந்தக் கவலை ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, பகல் வேலையும் கெட்டால், அது சிகிச்சையால் குணப்படுத்தக்கூடிய பதற்றநோயாக இருக்கலாம். ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள், குறிப்பு எழுதிய நோட்டையும் கொண்டுபோங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் தலைகாட்டினால் மட்டும் அதுவரை காத்திருக்க வேண்டாம். எந்த நேரமானாலும் 14416 என்ற அரசின் மனநல உதவி (டெலி மனாஸ்) எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.