கட்டணம் இல்லை என்பவர் எங்கே சம்பாதிக்கிறார்?

கேள்வி: என் கணவர் சவூதி அரேபியாவில் மீன்பிடிப் படகில் வேலை செய்கிறார். மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் ரியால் அனுப்புவார். மீன்பாடு குறைந்தால் ஆயிரத்தோடு நின்றுவிடும். ‘கட்டணம் இல்லை’ என்று விளம்பரம் செய்யும் ஒரு செயலியில் அனுப்பும்படி அவருடைய நண்பர் சொல்கிறார். எங்கள் ஊரில் ஒருவரோ, ரியாலுக்கு வங்கியைவிடக் கூடுதலாகக் கணக்கிட்டு, பணத்தை வீட்டிலேயே கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார். எது லாபம்? இந்தப் பணத்துக்கு நான் வரி கட்ட வேண்டுமா?
– வாசகி, கருங்கல் அருகிலிருந்து

பதில்: முதலில் செயலியைப் பார்ப்போம். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும்போது இரண்டு இடங்களில் காசு போகிறது. ஒன்று, ரசீதில் தெரியும் கட்டணம். அந்தக் கட்டணத்தின் மீது சவூதி அரசின் 15 சதவீத மதிப்புக்கூட்டு வரியும் சேரும். மற்றொன்று, ரசீதில் எங்கும் எழுதப்படாதது: அன்றைய உண்மையான மாற்று மதிப்புக்கும் நிறுவனம் உங்களுக்குத் தரும் மதிப்புக்கும் உள்ள இடைவெளி. கட்டணம் வாங்காதவர் இந்த இடைவெளியில்தான் சம்பாதிக்கிறார். அதில் தவறில்லை, அவரும் கடை நடத்த வேண்டுமே. ஆனால் அதை ‘இலவசம்’ என்று எழுதி விளம்பரம் செய்ய எப்படி அனுமதிக்கிறார்கள் என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

உண்மையான மதிப்பை நீங்களே வீட்டிலிருந்து கணக்கிட்டுவிடலாம். ஒரு டாலருக்கு 3.75 ரியால் என்று சவூதி அரசு 1986 முதல் நிலையாக வைத்திருக்கிறது. ஆகவே, அன்றைய டாலர் மதிப்பை 3.75-ஆல் வகுத்தால் ரியாலின் மதிப்பு கிடைத்துவிடும். எடுத்துக்காட்டாக, டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ரியால் 24 ரூபாய். (குவைத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது; அந்த தினார் டாலரோடு மட்டும் கட்டப்பட்டதல்ல.)

இனி இரண்டு நிறுவனங்களை ஒப்பிடுங்கள். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. முதல் நிறுவனம் கட்டணம் வாங்காமல் ரியாலுக்கு 23.60 ரூபாய் தருகிறது. இரண்டாவது நிறுவனம் வரியோடு சேர்த்து 17.25 ரியாலைப் பிடித்துக்கொண்டு, மீதிக்கு 23.95 ரூபாய் வீதம் தருகிறது. உங்கள் கணவர் 1,000 ரியால் அனுப்பினால் முதல் நிறுவனத்தில் 23,600 ரூபாயும், இரண்டாவதில் ஏறத்தாழ 23,537 ரூபாயும் வரும்; இங்கே இலவசமே லாபம். அதுவே 3,000 ரியால் என்றால் முதல் நிறுவனத்தில் 70,800 ரூபாய், இரண்டாவதில் ஏறத்தாழ 71,437 ரூபாய். அறுநூறு ரூபாய்க்கு மேல் வித்தியாசம். மீன்பாடு குறைந்த மாதத்துக்கு ஒரு வழியும் நல்ல மாதத்துக்கு வேறொரு வழியும் சரியாக இருக்கலாம் என்பது இதிலிருந்தே தெரிகிறது. எனவே, “என் கையிலிருந்து இத்தனை ரியால் போனால் ஊரில் கணக்கில் எத்தனை ரூபாய் விழும்?” என்ற ஒரே கேள்வியை, ஒரே நேரத்தில், இரண்டு மூன்று இடங்களில் கேட்கச் சொல்லுங்கள். முதல் முறை மட்டும் தூக்கலான மதிப்பைக் காட்டிவிட்டு அடுத்த மாதமே இறக்கிவிடும் செயலிகள் உண்டு. ஆகவே ஒவ்வொரு மாதமும் கேட்க வேண்டும்.

அடுத்தது உங்கள் ஊர்க்காரர். அவர் சொல்வது உண்டியல் பணம், அதாவது ஹவாலா. குளச்சல் முதல் தூத்தூர் வரை கடற்கரை ஊர்களில் இது ஒன்றும் புதிதல்ல. எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்ததும் பிள்ளைகள் படித்ததும் இந்தப் பணத்தில்தான் என்பதையும் அறிவேன். அங்கே ஒருவர் ரியாலை வாங்கிக்கொள்வார். இங்கே ஒரு பத்து ரூபாய் நோட்டின் எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அந்த நோட்டைக் காட்டியவருக்கு ரொக்கம். ரசீது கிடையாது. ரியால் கைமாறிய பிறகு ஊரில் பணம் வராவிட்டால், நீங்கள் எந்த நிலையத்தில் போய் யார்மீது புகார் கொடுப்பீர்கள்?

சட்டம் இதில் அனுப்புபவரை மட்டும் பார்ப்பதில்லை. 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி, அனுமதி பெற்றவர் அல்லாத ஒருவர் வழியாக வெளிநாட்டுப் பணத்தை வாங்குவதும் சட்டமீறலே. சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம்.

இன்று ரொக்கத்தைவிட அதிகமாக என்னைக் கவலைப்படுத்துவது இன்னொரு வழி. “வீட்டுக்கு வர நேரமில்லை, உங்கள் கணக்கிலேயே போட்டுவிடுகிறோம்” என்பார்கள். வங்கியில் விழுந்த பணம் வெள்ளைப் பணம்தானே என்று நீங்களும் நிம்மதியடைவீர்கள். பாஸ்புக்கைப் பதித்துப் பார்த்தால், அனுப்பியவர் பெயர் உங்கள் கணவருடையதாக இருக்காது, பணமாற்று நிறுவனத்தினுடையதாகவும் இருக்காது. நீங்கள் கேள்விப்பட்டிராத ஒரு தனிநபரோ, வடநாட்டில் ஏதோ ஒரு வியாபாரப் பெயரோ இருக்கும். அந்தப் பணம், எங்கோ ஒருவரை இணையத்தில் ஏமாற்றிப் பறித்த பணமாக இருக்கலாம். ஏமாந்தவர் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணில் புகார் செய்ததும், பணம் போன பாதை முழுவதையும் வேறொரு மாநிலத்துக் காவல்துறை முடக்கச் சொல்லும். அந்தப் பாதையின் கடைசிப் படியில் உங்கள் கணக்கு இருக்கும். பள்ளிக் கட்டணம் கட்டப் போகும் நாளில்தான் கணக்கு முடங்கியிருப்பது தெரியவரும். மொழி தெரியாத ஊரின் காவல் நிலையத்துக்குக் கடிதம் எழுதி, பதிலுக்குக் காத்திருந்து, “எங்களுக்கு மேலிடத்து உத்தரவு” என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாத வங்கிக் கிளையின் வாசலில் நிற்பது எத்தனை மாதம் நீளும் என்று யாராலும் சொல்ல முடியாது. ரியாலுக்குச் சில காசு கூடுதலாகக் கிடைத்தது அப்போது எந்த மூலைக்கு ஆகும்?

இன்னொன்று: உண்டியல் பணத்தில் நிலமோ வீடோ வாங்க நினைக்காதீர்கள். நிலபுலன் விற்பனையில் விற்பவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம். பணம் எப்படி வந்தது என்று கேட்டால் காட்ட ஒரு தாளும் உங்களிடம் இருக்காது.

சரியான வழியில் வரும் பணத்தை அடையாளம் காண்பது எளிது. சவூதியில் உள்ள பணமாற்று நிறுவனம் இங்குள்ள ஒரு வங்கியில் ரூபாயாகவே இருப்பு வைத்திருக்கும். அதிலிருந்து உங்கள் கணக்குக்கு மாற்றும். பாஸ்புக்கில் அந்த வங்கியின் அல்லது நிறுவனத்தின் பெயர் இருக்கும். “இந்தியாவில் வங்கி விடுமுறை, திங்கட்கிழமைதான் ஏறும்” என்று யாராவது சொன்னால் அப்படியே நம்ப வேண்டியதில்லை. வங்கிகளுக்கிடையே பணம் மாற்றும் நெஃப்ட் சேவை 2019 டிசம்பர் முதல் எல்லா நாளும், எல்லா நேரமும் இயங்குகிறது. வங்கிகள் இணைந்தபோது, கிளையை அடையாளம் காட்டும் ஐ.எஃப்.எஸ்.சி. எண்கள் மாறின. உங்கள் கணவரின் கைப்பேசியில் சிண்டிகேட், கார்ப்பரேஷன், அலகாபாத் வங்கிக் காலத்து எண் இன்னும் கிடந்தால் அதை நீக்கிவிட்டுப் புதியதைப் பதியச் சொல்லுங்கள்.

பணம் எந்தக் கணக்குக்கு வருகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பலர் அறியாமல் சிக்குகிறார்கள். உங்கள் பெயரில் மட்டும் உள்ள சாதாரண சேமிப்புக் கணக்குக்கு வந்தால் ஒரு சிக்கலும் இல்லை. கணவர் பெயரில் உள்ள கணக்கு, அல்லது அவர் பெயர் முதலிலும் உங்கள் பெயர் இரண்டாவதாகவும் உள்ள கூட்டுக் கணக்கு என்றால் நிலைமை வேறு. வேலைக்காக வெளிநாடு போனவர், போன நாள் முதலே அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கண்ணில் வெளிநாடுவாழ் இந்தியர். அவருடைய பழைய கணக்கு அப்படியே தொடரக் கூடாது, அதை என்.ஆர்.ஓ. கணக்காக, அதாவது வெளிநாடுவாழ் இந்தியரின் உள்நாட்டு வரவுகளுக்கான கணக்காக, மாற்ற வேண்டும். சவூதிச் சம்பாத்தியத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு (வெளிநாட்டில் சம்பாதித்த பணத்தைப் போடுவதற்கான கணக்கு) தனியாகத் தொடங்குவது நல்லது. அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை. உங்களையும் அதில் சேர்க்கலாம். உங்கள் பெயர் இரண்டாவதாக இருக்கும், அவர் எழுதித் தரும் அதிகாரத்தின்பேரில் வீட்டுச் செலவுக்கு நீங்கள் எடுக்கலாம். அவர் வேலையை விட்டு ஊரோடு திரும்பிவிட்டால் அந்தக் கணக்கை மீண்டும் சாதாரணக் கணக்காக்க வேண்டும். ஆறு மாத விடுப்பில் வந்து போவது திரும்பியதாகாது. வருமான வரிச் சட்டமோ இதை ஒத்துக்கொள்ளாமல், இந்தியாவில் இருந்த நாட்களை எண்ணித் தனியாக முடிவு செய்யும். ஒரே மனிதனுக்கு ஒரே அரசாங்கம் இரண்டு விதமாக இலக்கணம் எழுதியிருப்பதன் பலனை ஏழைகள்தான் சுமக்கிறார்கள். போதாக்குறைக்கு, கருங்கலில் கேட்டால் நாகர்கோவிலுக்குப் போகச் சொல்வார்கள். நாகர்கோவிலில் கேட்டால் “கணவரை நேரில் வரச் சொல்லுங்கள்” என்பார்கள், அவர் நடுக்கடலில் இருப்பது தெரிந்தும். விடாதீர்கள், அடுத்த விடுப்பில் அவர் வரும்போது முதல் வேலையாக இதை முடித்துவிடுங்கள்.

வரி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கணவர் மனைவிக்கு அனுப்பும் பணம் எவ்வளவானாலும், பெறுபவரான உங்களுக்கு அதன் மீது வரி இல்லை. நிதியாண்டில் 182 நாட்களுக்குக் குறைவாகவே அவர் இந்தியாவில் இருந்தால், அங்கே சம்பாதித்ததற்கு அவரும் இங்கே வரி கட்ட வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பணம் அவர் பெயரிலேயே வர வேண்டும். படகில் பங்கு முறையில் வேலை செய்பவர்களுக்குப் பணம் பெரும்பாலும் ரொக்கமாகக் கிடைக்கும். கரைக்கு வர நேரமில்லாமல் அதை நண்பரிடம் கொடுத்து, நண்பரின் இக்காமாவில் (சவூதியில் தங்குவதற்கான அடையாள அட்டை) அனுப்பச் சொல்வார்கள். அப்படி வரும்போது, பதிவுகளின்படி உறவினர் அல்லாத ஒருவர் உங்களுக்குப் பணம் தந்ததாக ஆகிறது. ஓராண்டில் இத்தகைய தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால், முழுத் தொகையும் உங்கள் வருமானமாகக் கணக்கில் ஏறும். உறவில்லாத ஒருவர் மாதந்தோறும் ஏன் அனுப்புகிறார் என்று வங்கியும் கேட்கும். இதுவரை அப்படி வந்திருந்தால், எந்த மாதம், யார் பெயரில், எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி, கணவரிடமிருந்தும் அந்த நண்பரிடமிருந்தும் கையொப்பமிட்ட கடிதம் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் மாதத்துக்கு ஒரு முறையானாலும் சரி, இரண்டு மாதப் பணத்தைச் சேர்த்தானாலும் சரி, தம்முடைய இக்காமாவைக் கொண்டு அவரே அனுப்பட்டும். சேர்த்து அனுப்பினால் கட்டணமும் ஒரு முறையோடு போய்விடும்.